பிற ஆதாயம்

குடியேற்றக் கவுண்டரில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "சென்னைல எந்த ஏரியாம்மா?" என்று கேட்டார். மயிலாப்பூர் என்றேன். "இப்ப யார் வீட்டுக்குப் போறீங்க?" என்றார். ஓட்டலுக்கு என்றேன். நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார். முத்திரை குத்தித் திருப்பித் தந்தார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வை டாக்சியில் ஆதம்பாக்கம் தாண்டும்வரை கூடவே வந்தது.

அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். மயிலாப்பூர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இந்த ஊரில் நான் தட்டினால் திறக்கும் கதவு என்று இப்போது எதுவும் இல்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நடுத்தர ஓட்டலில் எனக்கும் ரூத்துக்கும் பக்கத்துப் பக்கத்து அறைகள். ரூத் ஆங்கிலேய வழக்கறிஞர், அறுபதை நெருங்குகிறவள், முதல் முறை இந்தியா வருகிறாள். அவள் பேச்சை இங்கே நான் தமிழில்தான் எழுதப் போகிறேன். "உன் ஊரில் காற்றுக்கு எடை இருக்கிறது" என்றாள், டாக்சியை விட்டு இறங்கியதும். எனக்கு அந்த எடைதான் வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பாதி வாழ்க்கையைக் கழித்தாயிற்று. இன்னும் அந்த ஊர்க் காற்று என் தோலை எட்டாமல் வெளியிலேயே நிற்கிறது.

வந்தது விடுமுறைக்கு அல்ல. நான் வேலை பார்க்கும் லீட்ஸ் நிறுவனம், பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் கருவிகளைச் செய்கிறது. நிறுவனத்துக்காரர்கள் சட்டப்படி நடக்கிறார்களா என்று கவனிப்பது என் பிரிவின் வேலை. பிரிட்டனில் லஞ்சத்துக்கு எதிராக ஒரு சட்டம் உண்டு. எந்த நாட்டில் கொடுத்தாலும், யார் கையால் கொடுத்தாலும், எங்கள் வியாபாரத்துக்காகக் கொடுத்தால் அது எங்கள் குற்றம். தடுப்பதற்குத் தகுந்த ஏற்பாடுகள் செய்திருந்தோம் என்று காட்டினால்தான் தப்பிக்கலாம். அந்தச் சட்டம் பணத்தோடு நிற்பதில்லை. "நிதி அல்லது பிற ஆதாயம்" என்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் வகுப்பு எடுப்பேன். பிற ஆதாயம் என்றால் விருந்து, விமானப் பயணம், பையனுக்கு ஒரு வேலை என்று உதாரணம் சொல்வேன். கேட்கிறவர்கள் தூக்கம் வராமல் இருக்கக் காபி குடிப்பார்கள்.

அந்தப் பயணத்துக்கு முந்தைய கோடையில் எங்கள் அலுவலகத்துக்கு வேலை பழக ஒரு பெண் வந்தாள். கயல்விழி. பொறியியல் கடைசி ஆண்டு முடித்தவள், அடையாறு வீடு. முதல் நாள் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடியும் நெய்யும் கலந்த சாதம். அந்த வாசனைக்கு நான் தட்டோடு எழுந்து அவள் மேசைக்குப் போனேன். "மேடம், நீங்க தமிழா?" என்றாள். அடுத்த வாரமே மேடம் போய் அக்கா ஆகிவிட்டது. "ஆன்ட்டின்னா கோச்சுப்பீங்களோன்னுதான் அக்கா" என்று விளக்கமும் கொடுத்தாள்.

என் கணவர் வேல்ஸ்காரர், நல்லவர், புளி ஆகாது. வத்தக்குழம்பு வைப்பதையே நான் விட்டிருந்தேன். அந்தக் கோடையில் சனிக்கிழமைதோறும் வைத்தேன். கயல்விழி அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எந்தத் தெருவில் எந்த மரம் புயலில் விழுந்தது, எந்த பஸ் இப்போது எந்த வழியாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் "ஆத்துல" என்று சொன்னால் "எங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்று சிரிப்பாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் ஊர் திரும்பிய பிறகு பல சனிக்கிழமைகள் நான் சமையலறைக்குள் போகவே இல்லை.

பிறகு ஒரு கண்காட்சியில் போட்டி நிறுவனத்து ஆள் ஒருவர் எங்கள் விற்பனை மேலாளரிடம் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: "சென்னை மருத்துவமனைக் கொள்முதல் அதிகாரியின் பெண் உங்களிடம் நன்றாக வேலை பழகினாளா?" மேலாளர் அதை வேடிக்கையாக என்னிடம் சொன்னார். நான் விற்பனைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். அவள் வந்த அதே கோடையில் சென்னை அரசு மருத்துவமனை ஒன்று எங்கள் கருவிகளை வாங்கியிருந்தது. நான் அன்றே மேலிடத்தில் சொன்னேன். அவள் எனக்கு வேண்டியவள் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அதனால்தான் வெளியிலிருந்து ரூத்தை அமர்த்தினார்கள். கேள்விகள் அவளுடையவை, மொழி மட்டும் என்னுடையது.

மறுநாள் காலை தி.நகருக்குக் கிளம்பினோம். செயலியில் கூப்பிட்ட கார்கள் ஒவ்வொன்றாக வராமல் போக, தெருவில் ஓர் ஆட்டோவை நிறுத்தினேன்.

"தி.நகரா? மெட்ரோ வேலை நடந்துகினு கீது மேடம். சுத்திக்கினுதான் போவணும்" என்றார் ஓட்டுநர்.

சுற்றினார். சுற்றிய இடத்திலும் பச்சைத் தகர அடைப்புகள். ஒரு திருப்பத்தில் போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தினார். ரூத் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். காவலர் குனிந்து, "ரெண்டு சிக்னல் தள்ளி எறக்கி வுட்ருப்பா" என்றார். ஓட்டுநர் தன் இருக்கையிலேயே ஒண்டி இடம் கொடுத்தார். காவலர் பாதி உட்கார்ந்து பாதி தொங்கியபடி வர, அடைப்பு ஓரமாக மற்ற வண்டிகளை விடாத ஒரு சந்தில் எங்கள் ஆட்டோ நுழைந்து வெளியே வந்தது. அவர் இறங்கிப் போனதும் ரூத் மெல்லக் கேட்டாள்: "அவரை ஏற்றிக்கொண்டதற்காகவா நமக்கு அந்த வழி கிடைத்தது?"

"அவருக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருந்தது" என்றேன்.

ரூத் திரும்பிக் காவலர் போன பக்கம் பார்த்தாள். "லீட்ஸில் ஒரு காவலர் என் காரில் இப்படி ஏறினால் நான் வழக்கு போடுவேன்" என்றாள். பிறகு, "இங்கே எனக்கு அது பிடித்திருந்தது. அதுதான் கவலையாக இருக்கிறது" என்றாள்.

சென்னையில் எங்கள் கருவிகளை விற்றுத் தரும் முகவர் நூருதீனின் அலுவலகம் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேல் மாடி. மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பக்கத்துக் குடும்பம். வெள்ளைச் சட்டை, ஒட்ட நறுக்கிய தாடி. நானும் மயிலாப்பூர் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "அட, நம்ம பக்கத்துப் பொண்ணா" என்றார். பிறகு ரூத்தைப் பார்த்து, எழுந்த உற்சாகத்தை அடக்கிக்கொண்டார்.

மேசையில் வாழை இலை விரித்து ஏற்கெனவே ஏற்பாடுகள் நடந்திருந்தன. "நீங்க சைவமா இருப்பீங்கன்னு தனியா சொல்லி வச்சிருக்கேம்மா. எங்க வீட்ல எண்ணெய்க் கத்திரிக்கா பண்ணி அனுப்பிருக்காங்க. மேடத்துக்கு பிரியாணி. பேச்சு அப்புறம், மொதல்ல சாப்புடுங்க."

விசாரிக்க வந்தவர்கள் விசாரிக்கப்படுகிறவர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது. வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கும் விதி. கத்திரிக்காயின் மேல் எள் வாசனையோடு எண்ணெய் மினுங்கியது. மன்னிக்க வேண்டும், முடியாது என்றேன்.

அவர் இலையைப் பார்த்தார். "பகையாளி வீட்லகூட ஒரு வாய் சாப்டுவாங்களே" என்றார். "தண்ணியாவது குடிக்கலாமா, இல்ல அதுக்கும் சட்டம் இருக்கா?"

நான் மொழிபெயர்த்ததும், தண்ணீர் பரவாயில்லை என்றாள் ரூத். அவரே கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். இலைகளை எடுத்துப் போகச் சொன்னார்.

ரூத் சுற்றி வளைக்காமல் கேட்டாள். கயல்விழியை லீட்ஸுக்குச் சிபாரிசு செய்தது அவர்தானா? ஆமாம். அவள் அப்பா யார் என்று தெரியுமா? தெரியும். மருத்துவமனைக் கொள்முதல் குழுவில் இருக்கும் மனோகரன்.

"அவரு ஒரு பைசா கேக்கலம்மா" என்றார் நூருதீன், என்னைப் பார்த்து. "அத மொதல்ல எழுதிக்குங்க. வேற எடத்துல எப்டி எப்டியோ கேப்பாங்க, நான் கும்புடு போட்டு வந்துருவேன். இவரு பேச்சுவாக்குல, பொண்ணு நல்லாப் படிக்குது சார், வெளிநாட்டுல ரெண்டு மாசம் வேல பழக எடம் கெடச்சா தேவலன்னாரு. நான் உங்காளுங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னேன். அறிவான பொண்ணு. போச்சு, வந்துச்சு. இது லஞ்சமா?"

"அவர் அப்படிச் சொன்னபோது கொள்முதல் முடிவாகியிருந்ததா?"

"இல்ல."

"வேறு யாராவது தங்கள் பிள்ளைக்கு இப்படிக் கேட்டிருக்கிறார்களா?"

நான் மொழிபெயர்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை. "என் சொந்தக்காரப் பசங்களே நாலு பேரு கேட்டானுங்க. என் தங்கச்சி மவன் இன்னும் கேக்குறான்."

"அவர்களுக்காகச் சொன்னீர்களா?"

"இல்லம்மா" என்றார். பிறகு தனக்கே சொல்வதுபோல, "சொல்லல" என்றார்.

ரூத் அதற்குமேல் அவரிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது படிவரை வந்தார். மழைநேரம், பார்த்துப் போங்கம்மா என்றார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் ரூத் அறையிலேயே எழுதிக்கொண்டிருந்தாள். நான் மயிலாப்பூருக்கு நடந்தேன். குளக்கரை ஓரமும் மாட வீதிகளும் தகர அடைப்புக்கு நடுவே திணறிக்கொண்டிருந்தன. கீரைக்காரம்மா முளைக்கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கீரை வாங்க ஆசையாக இருந்தது. ஓட்டல் அறையில் கீரையை வைத்து என்ன செய்வது? விலை கேட்டேன், கையில் எடுத்துப் பார்த்தேன், வைத்துவிட்டேன். "வாங்கலன்னா இன்னாத்துக்குமா தொட்ற" என்றார் அவர். நியாயம்தான். ஒரு மெஸ்ஸில் சாம்பார் சாதம் சாப்பிட்டேன். பக்கத்து இலையில் ஒருவர் எதிரில் இருந்தவரிடம், "அவன் பையன் கல்யாணத்துக்கு நான் மொய் எழுதினேன், என் பொண்ணு கல்யாணத்துக்கு அவன் எழுதுவான், இதுல என்ன இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் யாரும் யாருக்கும் கடன்படாமல் இருந்ததில்லை. ஒருவர் கொடுத்ததை மற்றவர் வேறொரு நாளில் வேறொரு வடிவத்தில் திருப்பிக் கொடுத்துக்கொண்டேதான் வாழ்ந்தார்கள். தூரத்தில் இருந்து நான் ஏங்கிய ஊர் அதுதான். அதைக் கண்டால் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆனால் மறுபக்கமும் எனக்குத் தெரியும். எங்கள் கருவி நல்ல கருவி. இன்னொரு நிறுவனத்துக் கருவி அதைவிட நல்லதாக இருந்திருக்கலாம். அதை அந்த மருத்துவமனையில் யாரும் போட்டுப் பார்க்கவே இல்லை. வேலை பழகும் இடத்துக்கு எங்களுக்கு எழுதிப் போட்ட வேறு பிள்ளைகளை அந்த ஆண்டு யாரும் கூப்பிட்டுப் பேசக்கூட இல்லை.

மறுநாள் காலை ஓட்டலுக்கு எதிரே ஒரு சின்னக் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கயல்விழியின் நெற்றி அப்படியே இருந்தது. அவர் பெயர் சொல்வதற்கு முன்பே யார் என்று தெரிந்துவிட்டது.

"நான் உங்களோட பேசக் கூடாது சார்" என்றேன்.

"தெரியும் மேடம். நூருதீன் பாய் சொன்னாரு. நீங்க பேச வேணாம். நான் சொல்லிட்டுப் போயிடறேன்." மனோகரனின் கைகள் சட்டைப் பையையும் பேனாவையும் மாறி மாறித் தொட்டன. "எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். நான் கேட்டேன், அது உண்மை. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. மார்க்கப் பாத்து எடுத்தாங்கன்னுதான் நெனச்சிட்டிருக்கா. இப்ப ஒரு கம்பெனில சேந்திருக்கா. உங்க ரிப்போர்ட்ல அவ பேர மட்டும் விட்டுடுங்க மேடம். வீட்ல எப்பவும் உங்களப் பத்தித்தான் பேச்சு. அக்கா வச்ச வத்தக்குழம்பு, அக்கா வச்ச வத்தக்குழம்புன்னு."

பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் நேரே ரூத்தின் அறைக்குப் போய், அவர் வந்ததையும் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ரூத் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "நீ சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மதியம் அடையாற்றில், வாடகைக்கு எடுத்த ஒரு கூட்ட அறையில் கயல்விழி வந்தாள். கதவைத் திறந்ததும், "அக்கா, வரப்போறேன்னு ஏன் சொல்லல?" என்று நேரே என்னிடம் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் நிறுவனம் பேச விரும்புகிறது என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். வேலை தரப்போகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, நல்ல சுடிதார் போட்டு, தலையைப் பின்னி, பூ வைத்திருந்தாள். நான் அவள் கையை எடுத்து நாற்காலியைக் காட்டினேன்.

ரூத் ஆங்கிலத்தில், மெதுவாக, மரியாதையாகக் கேட்டாள். இடம் எப்படிக் கிடைத்தது? யார் சொன்னார்கள்? அப்பாவின் வேலை என்ன? நான்காவது ஐந்தாவது கேள்விக்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. புத்திசாலிப் பெண். பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. பிறகு ரூத்தை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான் நல்லா வேலை செய்யலையா அக்கா?"

தமிழில் பேசினால் நான் மொழிபெயர்த்தாக வேண்டும். மொழிபெயர்த்தேன். ரூத் பேனாவைக் கீழே வைத்தாள்.

"செஞ்ச" என்றேன். அதையும் மொழிபெயர்த்தேன்.

"உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுடா."

அவள் அழுதாள், சத்தமில்லாமல். ரூத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். பிறகு, இப்படிப்பட்ட அறிக்கைகளில் தனிப்பட்டவர்களின் பெயரை எழுதுவதில்லை, ஓர் எழுத்தால்தான் குறிப்போம், உன் பெயர் வெளியே வராது என்று ரூத் ஆறுதலாகச் சொன்னாள்.

கயல்விழி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல. என் பேரையே போடுங்க" என்றாள், தமிழிலேயே. "எங்கப்பா கேட்டதயும் போடுங்க. எனக்குத் தெரியாதுங்கறதயும் போடுங்க. நான் அங்க வந்து செஞ்ச வேலையயும் போடுங்க. அந்த மெஷின்ல சத்தம் கொறைக்கற சோதனை ஃபுல்லா நான் செஞ்சது. பேர எடுத்துட்டா நான் அங்க வரவே இல்லன்னு ஆயிடும் அக்கா. நான் வந்தேன்ல?"

வந்தாய் என்று அவளிடம் சொன்னேன். ரூத்துக்கு மொழிபெயர்க்கும்போது அந்தக் கடைசி வரியில் இரண்டு முறை தடுமாறினேன். ரூத் பேனாவை மறுபடி எடுத்து, அவள் கையெழுத்திட்டு ஒப்புதல் தந்தால் பெயரை எழுதலாம் என்றாள். கயல்விழி கையெழுத்துப் போட்டாள். ரூத் எனக்கும் ஒரு விதி சொன்னாள்: விவகாரம் முடியும்வரை நீ இவளோடு பேசவோ எழுதவோ கூடாது. கயல்விழி தலையாட்டினாள், விதி அவளுக்குச் சொல்லப்பட்டதுபோல. வாசல்வரை போய்த் திரும்பி, "உடம்பப் பாத்துக்கோங்க" என்றாள். அவள் இறங்கிப் போன படிகளில் மல்லிகை வாசனை சற்று நேரம் இருந்தது.

மாலையில் ரூத் கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். சாந்தோம் பக்கம் மணலில் உட்கார்ந்தோம். மீனவப் பெண்கள் கூடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். என் காசில் அவளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஒரே பக்கத்து ஆட்கள், தடையில்லை. மாங்காய்த் துண்டைக் கடித்துவிட்டு, "நீ இங்கேயே இருந்திருக்கலாமே, ஏன் போனாய்?" என்று கேட்டாள். படிக்கப் போனேன், வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது என்றேன். எல்லாம் உண்மை. ஆனால் அந்த வரிசையைச் சொல்லும்போது, நடுவில் எங்கேயோ நான் ஒரு முறைகூட முடிவு எடுக்காததுபோல இருந்தது. அலை காலை நனைத்தது. ரூத் காலை இழுத்துக்கொண்டாள். நான் இழுக்கவில்லை.

லீட்ஸ் திரும்பிய பிறகு நடந்தது இதுதான். நிறுவனம் தானாகவே போய் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் விஷயத்தைச் சொன்னது. நூருதீன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக இடம் கொடுத்த எங்கள் விற்பனைத் தலைவர் வேலையை விட்டு விலகினார். நூருதீனின் முகவர் உரிமை ரத்தானது. மருத்துவமனைக்கும் தகவல் போனது. மனோகரன் மேல் துறை விசாரணை தொடங்கியதாகக் கேள்விப்பட்டேன். வேலை பழகும் இடங்களுக்கு இனி பெயர் மறைத்துத்தான் தேர்வு. அந்த விதியை எழுதியது நான். எழுதும்போது அது சரியான விதி என்றே நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். அடுத்த கோடையில் அந்த விதிப்படி வந்த பையன் போலந்துக்காரன், மிகவும் கெட்டிக்காரன். மதியத்தில் தனியாகச் சாப்பிட்டேன்.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள் ரூத் போனில் கூப்பிட்டாள். எல்லாம் முடிந்தது, உன் மேல் இருந்த தடையும் முடிந்தது என்றாள். நான் அலுவலகத்துக்கு வெளியே வந்து, தூறலில் நின்றுகொண்டு கயல்விழியின் எண்ணை அழுத்தினேன். இத்தனை மாதங்களில் அவள் என்ன நினைத்திருப்பாள், என் பெயர் திரையில் வந்தால் எடுப்பாளா என்று தெரியவில்லை.

எடுத்தாள். பின்னால் பெரும் இரைச்சல்.

"அக்கா, பஸ்ல இருக்கேன், சரியா கேக்கல. வச்சிடாதீங்க. நான் எறங்கிடறேன்."

"உன் ஸ்டாப் வந்துடுத்தா?"

"இல்ல. பரவால்ல, எறங்கிடறேன்."

யாரையோ வழிவிடச் சொன்னாள். நடத்துநரின் விசில், படியில் காலடி, "பாத்து எறங்குமா" என்று ஒரு குரல், பிறகு பஸ் விலகிப் போகும் சத்தம். தெரு வந்தது, ஹாரன்களும் யாரோ எதையோ கூவி விற்பதுமாக. அவள் கொஞ்ச தூரம் நடந்து ஓரமாக வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்குவது கேட்டது.

"இப்ப சொல்லுங்கக்கா" என்றாள்.